கொடுவாவுக்குப் பிடித்த பிராண்ட்

தூண்டிலில் கட்டுகிற பொம்மை மீன், அந்த ஹார்ட் லூர் வாங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் பிராண்டைத்தான் பார்க்கிறார்கள், அண்ணி. அது தப்பு. முள்ளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உடம்புக்கு என்ன பெயிண்ட் அடித்திருந்தாலும், கண் எவ்வளவு தத்ரூபமாக இருந்தாலும், மீனைப் பிடித்து நிறுத்துவது கீழே தொங்குகிற முள்தான். இதை நான் சிங்காரவேல் அண்ணனிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

நீங்கள் ஓசூரிலிருந்து பஸ் ஏறி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். "சேவியரு, அந்தக் குட்டையில மீனு இருக்குதா, இல்லியா? அத மட்டும் சொல்லு." மேரிசெல்வி காபி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டாள். அவள் இவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. அண்ணன் வழக்கம்போலக் குட்டைக்கரையில் இருக்கிறார். அதனால் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான், சொல்கிறேன்.

ஆனால் எனக்கு என்கொயரி பழக்கம் உண்டு. நிலக்கரி மைன்ஸில் யாருக்காவது சார்ஜ்ஷீட் கொடுத்தால், யூனியன் சார்பாக அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டிருந்தவன் நான். ஆமாம், இல்லை என்று ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னவன் எவனும் அந்த அறையிலிருந்து முழுசாக வெளியே வந்ததில்லை. முதலில் பின்னணியைச் சொல்ல வேண்டும். சின்னத் தப்புகளை அவர்கள் கேட்பதற்கு முன்னால் நாமே ஒப்புக்கொள்ள வேண்டும். விசாரிக்கிறவர் மனசு அதில் கொஞ்சம் இளகும். நீங்களும் கொஞ்சம் உட்காருங்கள்.

அண்ணன் ஆபரேட்டர், நான் ஃபிட்டர். மண் வெட்டுகிற அந்தச் சக்கர மெஷினில் ஒரே ஷிப்டில் எங்கள் தலைமுடி நரைத்தது. மைன்ஸில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆபரேட்டர் ஸ்பேனரைத் தொடமாட்டார், ஃபிட்டர் லீவரைத் தொடமாட்டான். நான் ஏறிப் பார்த்துவிட்டு "ஃபிட்டுண்ணே" என்று சொன்னால் அண்ணன் ஓட்டுவார். என்ன பார்த்தாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. மெஷின் நின்றுவிட்டால் என்னையும் திட்டமாட்டார், தன்னையும் நொந்துகொள்ளமாட்டார். செய்த கம்பெனியைத் திட்டுவார். "ஜெர்மன்காரன் செஞ்சிருந்தா இப்புடி ஆவுமாடா" என்பார். அந்த மெஷினே ஜெர்மன்காரன் செய்ததுதான் என்று நான் சொன்னால், இது வேறு ஜெர்மன்காரன் என்பார்.

இந்தப் பழக்கம் தூண்டிலுக்கும் வந்துவிட்டது. லீவு நாளில் பரங்கிப்பேட்டைப் பக்கம் கழிமுகத்துக்குப் போவோம். எறிவது அவர் வேலை. கட்டுவது, அவிழ்ப்பது, எண்ணெய் போடுவது என் வேலை. புது லூர் வந்தால் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் என்னிடம் கொடுப்பார். நான் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்து, மறுநாள் "ஃபிட்டு" என்று கொடுத்தால்தான் எறிவார்.

பிறகு அண்ணன் ரிட்டயர் ஆனார். மாலை, சால்வை, குவார்ட்டர்ஸ் வரைக்கும் கார். டவுன்ஷிப்பில் நான் பார்க்காத மாலையா. எல்லா ஜில்லாவிலிருந்தும் வந்த ஜனம். மாலை வாடுவதற்குள் லாரி வந்துவிடும், பீரோவை ஏற்றுவார்கள், குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைப்பார்கள். போனவர்கள் முதலில் வாரம் ஒருமுறை போன் பண்ணுவார்கள். பிறகு பொங்கலுக்கு. பிறகு பேரப்பிள்ளை போட்டோ வரும். கடைசியில் காலையில் ரோஜாப்பூ போட்ட ஒரு குட்மார்னிங் மட்டும் வரும். என் போனில் நிறைய ரோஜாப்பூ இருக்கிறது, அண்ணி. வடக்குத்தில் வீடு கட்டி உட்கார்ந்துகொண்ட எனக்குப் போவதற்கு வேறு ஊரும் இல்லை.

நீங்கள் மகள் சரிதாவின் பிரசவத்துக்காக முன்னாலேயே ஓசூர் போய்விட்டீர்கள். அண்ணன் பேப்பர் வேலை முடித்துவிட்டுப் பின்னாலேயே வருகிறேன் என்று மந்தாரக்குப்பத்தில் ஒரு போர்ஷன் எடுத்தார். ஒரு மாசம் என்று சொல்லித்தான் எடுத்தார். அது உண்மைதான். அவர் பொய் சொல்லவில்லை.

அந்த மாசத்தில்தான் குட்டையில் கொடுவா தெரிந்தது. மைன்ஸிலிருந்து இறைக்கிற தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து நிற்கிற குட்டை அது. பக்கத்தில் யாரோ தொட்டி கட்டிக் கொடுவா வளர்த்திருக்கிறார்கள். ஒரு மழையில் தொட்டி நிரம்பிக் குஞ்சுகள் குட்டைக்கு வந்துவிட்டன. கொடுவா தன் இனத்தையே தின்கிற ஜாதி. தின்று தின்று கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. அது ஒருநாள் சாயங்காலம் தண்ணீருக்கு மேலே முழுசாக எழும்பி விழுந்ததை அண்ணன் பார்த்துவிட்டார். கழிமுகத்தில் இத்தனை வருஷம் எறிந்தும் அவருக்குக் கையளவு கொடுவாவுக்கு மேல் மாட்டியதில்லை. அவர் முகம் மாறிவிட்டது. "சேவியரு, இவனப் புடிச்சிட்டுத்தான்டா நான் ஓசூருக்கு ஏறுவேன்" என்றார். அவராகத்தான் சொன்னார். நான் சொல்ல வைக்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் வெஸ்டோலா வாங்கினார். பின்லாந்துக்காரன் பிராண்ட். இலேசான மரம், நோயாளி மீன் மாதிரி ஒருக்களித்து நீந்தும். வழக்கம்போல என்னிடம் கொடுத்தார். வீட்டில் விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். அருமையான லூர். அதை எறிந்தால் இரண்டு நாளில் மீன் கரைக்கு வந்துவிடும், மூன்றாம் நாள் அண்ணன் ஓசூர் பஸ்ஸில் இருப்பார். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. முள்ளின் நுனிக்குக் கொஞ்சம் கீழே பின்பக்கமாக ஒரு சின்னப் பல் நீட்டிக்கொண்டிருக்கும். மீன் உதறினாலும் முள் கழன்று வராமல் பிடித்துக்கொள்வது அந்தப் பல்தான். குறடால் அதை அமுக்கினேன். நுனியில் அரத்தை இரண்டு இழுப்பு இழுத்தேன். மறுநாள் "ஃபிட்டுண்ணே" என்று கொடுத்தேன்.

இது என் முதல் சின்னத் தப்பு. ஒப்புக்கொள்கிறேன்.

கொடுவா கடித்தது, எழும்பியது, தலையை ஒரு உதறு உதறியது, லூர் கரைக்குப் பறந்து வந்தது. அண்ணன் வெஸ்டோலாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குளிர் நாட்டுக்காரன் செஞ்சது, நம்ம தண்ணிக்கு ஒத்து வர்ல" என்றார். முள்ளைப் பார்க்கவில்லை. ஆபரேட்டர் அதைப் பார்க்கமாட்டார்.

அடுத்தது ஹயாமி, ஜப்பான். வயிற்றுக்குள் குண்டு உருளும், எறிந்தால் குட்டையின் அந்தக் கரை வரை போகும். கண்ணைப் பார்த்தால் பேசிவிடும் போலிருக்கும். அதுவும் என் வீட்டு விளக்குக்குக் கீழே ஒரு ராத்தங்கல் தங்கியது. கடித்து, எழும்பி, உதறியது. அண்ணன் ஜப்பான்காரனிடம் சாமர்த்தியம் இருக்கிறது, உறுதி இல்லை என்றார். பிறகு கிரேட்பைக், அமெரிக்கா. கிலுகிலுப்பை மாதிரி சத்தம் போடும். அதற்கு அண்ணன் சொன்ன காரணம் அமெரிக்காக்காரனுக்கு வாய்தான் பெரிசு என்பது. ஒவ்வொரு பிராண்டாக நாங்கள் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தோம். எது ஆழம் போகும், எது மேலே மிதக்கும், வெயிலுக்கு எந்த நிறம், கலங்கலுக்கு எந்த நிறம் என்றெல்லாம் பேசுவோம். டீக்கடைப் பெஞ்சில் எங்கள் இடத்தில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள். அண்ணி, அவ்வளவு நல்ல பேச்சு எனக்கு அதற்கு முன்னால் கிடைத்ததில்லை. அவருக்கும் சந்தோஷம்தான். நீங்கள் வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.

மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். நான் ரிட்டயர் ஆன பிறகு ராத்திரிச் சாப்பாடும். "அவுரு ஊட்டுக்காரம்மா அங்க தனியா இருக்காங்க, இவுரு இங்க இட்லி துன்னுகினு இருக்காரு" என்று மேரிசெல்வி ஒருமுறை சொன்னாள். அவரே போகமாட்டேன் என்கிறார், நான் என்ன பிடித்துத் தள்ளவா முடியும் என்றேன். அதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சிக்கல் வந்தது உங்களால்தான். போன வருஷம் தவக்காலத்தில் நீங்கள் வந்தீர்கள். மாப்பிள்ளை சிலம்பரசன் ஒரு லூர் கொடுத்தனுப்பியிருந்தார். 'ஆழி' என்று கேரளாவில் யாரோ செய்கிற பிராண்ட். பார்க்க முரட்டுத்தனமாக இருந்தது, பெயிண்ட்டும் சுமார்தான். ஆனால் மாப்பிள்ளை டூல்ரூமில் வேலை பார்க்கிறவர் இல்லையா. பிராண்டை விட்டுவிட்டு முள்ளைப் பார்த்து வாங்கியிருக்கிறார். "மாமா, இது அப்புடியே யூஸ் பண்ணலாம், யார்கிட்டயும் குடுத்துப் பாக்க வேணாம்" என்று போனில் வேறு சொல்லியிருக்கிறார். கெட்டிக்காரப் பிள்ளை. அண்ணன் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். மாப்பிள்ளை சீர், நல்ல நாள் பார்த்து ஞாயிற்றுக்கிழமை எறியலாம் என்றார். நான் இரண்டு முறை கேட்டேன். "நான் ஒரு தபா பாத்துடறேனேண்ணே." அவர் சிரித்தார். "சாமிகிட்ட இருக்குதுடா, அதுவே பாத்துக்கும்."

நீங்கள் வந்தது வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்கு இரவுப் பஸ்ஸில் இரண்டு டிக்கெட் போட்டிருந்தீர்கள். அண்ணன் பாத்திரங்களைக்கூட மூட்டை கட்டிவிட்டார்.

லூரைத் தொட முடியாது. முள் நல்ல முள். அப்படியென்றால் வழி ஒன்றுதான். குட்டையில் இல்லாத மீனை எந்த முள்ளும் பிடிக்காது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நான் மட்டும் போனேன். பிராண்டெல்லாம் எடுத்துப் போகவில்லை. ஒரு ஜிலேபிக் கெண்டைக் குஞ்சை உயிரோடு சாதா முள்ளில் குத்தி, கைக்கயிற்றில் விட்டேன். முதல் வீச்சிலேயே வந்துவிட்டது. கொடுவாவுக்குப் பிடித்த பிராண்ட் எது என்று இத்தனை நாள் எங்களிடம் யாராவது கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்போம். அதற்குப் பிடித்தது ஜிலேபிக் கெண்டை.

சாக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கடலூர் மீன், மார்க்கெட்டில் வாங்கினேன் என்றேன். மேரிசெல்வி அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு மீனையே பார்த்தாள். "மார்க்கெட்டு மீனு வால ஆட்டிக்கினு இருக்குது" என்றாள். வாலைத்தான் முதலில் வெட்டினாள். தவக்காலத்தில் எங்கள் வீட்டில் கறி எடுப்பதில்லை. மதியம் உங்கள் இரண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். ஆகையால் மீனும் வீணாகவில்லை.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். புளி கரைத்து, மாங்காய் போட்ட குழம்பு. அண்ணன் தலையைக் கேட்டு வாங்கினார். நீங்கள் நடுத்துண்டு இரண்டாம் முறை போட்டுக்கொண்டீர்கள். "கொடுவான்னா இதாங்க கொடுவா" என்று மேரிசெல்வியிடம் சொன்னீர்கள். அவள் வேகமாக அடுப்படிக்குப் போய்விட்டாள். அண்ணன் செவுளை உறிஞ்சிக்கொண்டே சொன்னார், "நல்ல மீனுதான். ஆனா நம்ம குட்டைக்காரன் இதவிடப் பெருசுடா சேவியரு." ஆமாண்ணே, பெரிசுதான் என்றேன். சாப்பிடுகிற நேரத்தில் எதிர்த்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. சாயங்காலம் கோயிலுக்குப் போய்ச் சிலுவைப் பாதை முழுவதும் முழங்காலிலேயே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் பார்த்து ஆழியை எறிந்தார். இருட்டுகிற வரைக்கும் எறிந்தார். ஒன்றும் கடிக்கவில்லை. நீங்கள் கரையில் பையோடு நின்றுகொண்டிருந்தீர்கள். கடைசியில் ஒரு டிக்கெட்டில் நீங்கள் போனீர்கள், இன்னொரு சீட் காலியாகப் போனது. நான்தான் பஸ்ஸில் உங்கள் பையை ஏற்றினேன்.

அடுத்த வாரம் அண்ணன் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, "நீ குடுத்த பிராண்டு தண்டம், மாப்ள. கடிக்கவே மாட்டேங்குது" என்று சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை அதற்குப் பிறகு பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன். சரிதா அழுததாகவும் சொன்னார்கள். அந்த ஒன்றில் மட்டும் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, அண்ணி. நல்ல லூர் அது. அநியாயமாகக் கெட்ட பெயர் வாங்கிவிட்டது.

பிறகு மீன் இல்லாத குட்டையில் நம்பிக்கையை எப்படி வைத்திருப்பது என்று பார்க்க வேண்டியிருந்தது. அதுவும் ஃபிட்டர் வேலைதானே. விரால் அவ்வப்போது கடிக்கும், மொட்டை முள்ளில் நிற்காது, நழுவிவிடும். அது பாதி உதவியது. மீதிப் பாதிக்குப் பழுப்பு நிலக்கரி. கல்லைப் போட்டால் சத்தம் வேறு, ஏமாற்ற முடியாது. உள்ளங்கை அளவு நிலக்கரிக் கட்டியைப் படுக்கை வாட்டமாக எறிந்தால், பெரிய மீன் எழும்பி விழுகிற அதே சத்தம் வரும். தண்ணீரில் ஊறிக் கரைந்தும் போகும். அண்ணன் குனிந்து லூர் மாற்றுகிற சமயம் பார்த்து எறிவேன். "வந்துட்டாண்ணே" என்பேன். அவர் நிமிரும்போது வட்டம் மட்டும் விரிந்துகொண்டிருக்கும். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருப்பார்.

இனிச் சொல்லப் போவதுதான் கடைசி. இதை நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.

உங்கள் பேத்தி முதல்முதலாக எட்டு வைத்த அன்று வீடியோ கால் போட்டீர்கள். கரையில் உட்கார்ந்து பார்த்தார். குழந்தை போனைப் பார்த்து நடந்து வருகிறது. அண்ணன் தன்னை அறியாமல் கையை நீட்டினார். கண் கலங்கிவிட்டது. தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு, "போதும்டா சேவியரு. மீனாவது மண்ணாவது. நாளைக்கே நான் கெளம்பறேன்" என்றார். குழந்தை இன்னும் நடந்துகொண்டுதான் இருந்தது.

என் சட்டைப்பையில் ஒரு கட்டிதான் இருந்தது. எறிந்தேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். போனை எங்கே வைத்தார் என்று அவருக்கே தெரியாது. நான்தான் எடுத்தேன். நீங்கள் "என்னங்க, கட் ஆயிடுச்சா, பாப்பா வுழுந்துட்டா பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நான்தான் அணைத்தேன்.

ஏன் செய்தாய் என்று நீங்கள் கேட்கலாம். ஓசூரில் குளிர். அவருக்கு மூச்சு வாங்கும். நாலாவது மாடி வீடு, பக்கத்தில் தண்ணீரே கிடையாது. அங்கே அவர் யாரோடு பேசுவார், எந்தப் பிராண்டைத் திட்டுவார் என்று யாராவது யோசித்தீர்களா? நான் யோசித்தேன். எல்லாம் அவருக்காகத்தான். எனக்கென்ன, காலையில் எழுந்தால் பார்ப்பதற்கு ரோஜாப்பூ வந்திருக்கும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். குட்டையில் மீன் இருக்கிறதா, இல்லையா?

போன மாசம் இதைக் கேட்டிருந்தால், இல்லை என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். பொய் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை. மீனே இல்லாத இடத்தில் ஒரு மனிதரை உட்கார வைத்திருக்கிறோமே என்று மனசாட்சி உறுத்திக்கொண்டே இருந்தது. கோயிலுக்குப் போனால்கூட நிம்மதி இல்லை. அதனால் போன வாரம் கடலோரப் பண்ணை ஒன்றுக்குப் போய், ஆக்சிஜன் அடைத்த பையில் ஒரே ஒரு கொடுவாக் குஞ்சு வாங்கி வந்தேன். மெதுவாகத் தண்ணீரில் விட்டேன். சுறுசுறுப்பான குஞ்சு, கண் பளபளவென்று இருக்கிறது.

ஆகவே இருக்கிறது, அண்ணி. இப்போதைக்கு ஒரு சாண் நீளம். பெரிதாக இரண்டு மூன்று வருஷம் ஆகலாம், நான் தீனி போட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

காபி வந்துவிட்டது, ஆறுவதற்குள் குடியுங்கள். அண்ணனிடம் முள்ளைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். பாவம், அவர் என்னை நம்பித்தான் இங்கே இருக்கிறார்.